தட்டு வரைக்கும்

எப்சிபாவால் நாற்றைப் பிடுங்க முடியவில்லை.

மொட்டைமாடியில் பழைய மீன் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பெட்டிகளில் மண். மண்ணில் கம்பு. ஒவ்வொரு குழியிலும் நாலைந்து நாற்று முளைத்திருந்தது. ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கலைத்துவிட வேண்டும் என்று அரசாங்கத்தின் விளக்கப் படத்தில் சொன்னார்கள். அந்த ஒன்று எது என்று சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு குழியிலும் தயங்கினாள். பிடுங்கியவற்றையும் எறியவில்லை. வெட்டிய தண்ணீர் பாட்டில்களில் நட்டு, தொட்டி நிழலில் வைத்தாள்.

"உன் அனாதை இல்லத்துல இன்னைக்கு எத்தனை அட்மிஷன்?" என்று கேட்டாள் பியூலா.

எப்சிபாவின் தங்கை. படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாடியையும் தவணை முறையில் ஏறி வந்திருந்தாள். பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டது. இப்போது பத்தொன்பது வயது. வாய் மட்டும் முழுசாக இருந்தது.

"பேசாம இருட்டி. மூச்சு வாங்குது உனக்கு."

"மூச்சாவது வாங்குதே. வேற யாரு எனக்கு என்ன வாங்கித் தாரீங்க?"

தங்கபுஷ்பம் அத்தை இரண்டு வாளித் தண்ணீரோடு மேலே வந்தாள். அப்பாவின் அக்கா. அறுபத்தெட்டு வயது. ஆறு மாடி ஏறியும் அவள் மூச்சு சீராக இருந்தது. வாளிகளை வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டாள். அவள் மண்ணைத் தொட்டு எப்சிபா பார்த்ததில்லை. வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கக்கூட விட்டதில்லை. அகப்பையையும் தொட மாட்டாள். சட்டியிலிருந்து அவரவரே போட்டுக்கொள்வார்கள்.

"அத்தை, இதுல எதை விடணும்?"

"எனக்கென்ன தெரியும்?"

சொல்லும்போதே அவள் கண் ஒரு நாற்றின் மேல் போய் நின்றது. உடனே விலகியது. எப்சிபா அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியாதுன்னு சொல்லுதேன்லா."

"அடைப்புக் காலத்துல நீங்கதான் வெளைய வச்சு வீட்டுக்கே சோறு போட்டீங்கன்னு அப்பா சொன்னாங்க."

அத்தை நிழலில் இருந்த பாட்டில்களைப் பார்த்தாள். மெலிந்த நாற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து கிடந்தன.

"இது எதுக்குட்டி?"

"பாவமா இருந்துச்சு."

அத்தையின் முகம் கொஞ்சம் இளகியது. "அப்படியே இரு மக்ளே," என்றாள். "உனக்கு இந்தக் கை வர வேண்டாம்."

காலி வாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடைப்புக் காலம் என்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை. தூத்துக்குடிக்குள் கடல் புகுந்தது. பின்னாலேயே நோய் வந்தது. ஊரைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடம் வேலி திறக்கவில்லை. முதல் மாதத்திலேயே தாய் தகப்பன் போய்விட, பதினெட்டு வயது தங்கபுஷ்பம் இரண்டு தம்பிகளோடு நின்றாள். பெரியவன் ஞானதுரை, எப்சிபாவின் அப்பா. சின்னவன் செல்லதுரை. வேலி திறந்தபோது செல்லதுரை இல்லை. காய்ச்சலில் போனான் என்று சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காலத்திலிருந்து குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. விளைய வைத்த கைதான் பரிமாற வேண்டும். தானிய டிரம்மில் மிச்சம் எவ்வளவு, அடுத்த அறுப்புக்கு இன்னும் எவ்வளவு நாள் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். ரேஷன் வந்த பிறகு வழக்கம் விட்டுப்போனது. இப்போது ரேஷன் நிற்கப் போகிறது. நெல் விளைந்த ஊர்களும் உப்பாகிவிட்டன. கார்த்திகையிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. டிரம்மை நிரப்பிக் காட்டாத குடும்பம் உப்பளக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே வேலைக்குச் சோறு. உப்புக் காற்று. பியூலாவைப் போன்ற நெஞ்சு உள்ளவர்கள் அங்கிருந்து திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சித்திரையில் போட்ட கம்பு ஏற்கெனவே பதராகப் போயிருந்தது. நெருக்கமாக நின்ற பயிர் ஒன்றையொன்று தின்று, எல்லாமே பாதி உயரத்தில் நின்றுவிட்டது. இப்போது மாடியில் முளைத்திருப்பது ஆடியில் மறுபடி போட்டது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பா பேச்சை எடுத்தார்.

"கைமாற்ற மையத்துல கேட்டுட்டு வந்துட்டேன். அக்கா கையை எப்சிக்கு மாத்திரலாம்."

பியூலா தண்ணீரைக் கீழே வைத்தாள். "அப்படின்னா?"

எப்சிபா உயிரியல் படித்தவள். அவள்தான் சொன்னாள். "ஒரு வேலையைப் பல வருஷம் செஞ்சா மூளையில ஒரு தடம் விழுந்திரும். அந்தத் தடத்தை எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கலாம். ரத்த சொந்தமா இருந்தாத்தான் பிடிக்கும்."

"காப்பி எடுத்துட்டு ஒரிஜினலை அத்தைக்கே குடுத்துருவாங்களா?"

"காப்பி இல்லட்டி. வேரோட பிடுங்கி வேற எடத்துல நடுற மாதிரி. இங்க இருக்காது."

"உனக்குத்தான் பிடுங்கவே வராதே," என்றாள் பியூலா.

யாரும் சிரிக்கவில்லை.

"நான் சம்மதிக்க மாட்டேன்," என்றாள் அத்தை.

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உங்க சம்மதம் வேண்டாமாம் அக்கா. வீட்டுல இருக்கிற மத்த பெரியவங்க எல்லாரும் கை தூக்குனா போதும். குடும்பத்துல உள்ள அறிவு குடும்பச் சொத்துன்னு சட்டம் போட்டுட்டாங்க."

அத்தை எப்சிபாவின் பக்கம் திரும்பினாள். "வாயால சொல்லித் தாரேன் மக்ளே. விதைக்கச் சொல்லித் தாரேன், தண்ணி காட்டச் சொல்லித் தாரேன், அறுக்கச் சொல்லித் தாரேன். மிச்சத்தை விட்டுருங்க."

"வாயால படிக்க மூணு வெள்ளாமை ஆகும். நமக்கு ஒண்ணுதான் இருக்கு," என்றார் அப்பா.

"மிச்சம்னா என்ன அத்தை?" என்று எப்சிபா கேட்டாள்.

அத்தை தம்பியைப் பார்த்தாள். "துரை, நீ சொல்லு."

அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்ல ஒண்ணுமில்ல," என்றார். கையைத் தூக்கினார்.

எப்சிபாவும் தூக்கினாள். பியூலாவின் கை மடியிலேயே இருந்தது.

"உனக்காகத்தான்ட்டி," என்றாள் எப்சிபா. "கொட்டகையில நீ ஒரு மாசம் தாங்க மாட்ட."

பியூலா அத்தையைப் பார்த்தபடியே மெதுவாகக் கையைத் தூக்கினாள். "மன்னிச்சிருங்க அத்தை."

"சோறு ஆறுது," என்றாள் அத்தை. எல்லாரும் முடித்த பிறகு எப்போதும்போல ஒரு கைப்பிடி மட்டும் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். எதையும் வயிறு நிறைய அவள் சாப்பிட்டதில்லை.

மையத்தில் இருந்த இளைஞனின் பெயர் ஹாரூன். ரொம்பப் பணிவாகப் பேசினான். அத்தையைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து நெற்றியில் பட்டை ஒட்டினான். பக்கத்து நாற்காலியில் எப்சிபா.

"ஒண்ணே ஒண்ணுதான் நீங்க சொல்லணும்," என்றான். "எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்? இந்தத் தடத்துல நடுவுல வெட்ட முடியாது. முனையில மட்டுந்தான் வெட்டலாம். பெரும்பாலும் விதையில ஆரம்பிச்சு அறுவடையில நிறுத்துவாங்க."

"அங்கேயே நிறுத்திருப்பா," என்றாள் அத்தை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். அறுப்போட நிறுத்திரு."

"குடும்பத்துலதான் சொல்லணும்மா."

எப்சிபா யோசித்தாள். விளைவதை மட்டும் தெரிந்து என்ன செய்வது? எவ்வளவு இடிக்க வேண்டும், எவ்வளவு விதைக்கு ஒதுக்க வேண்டும், ஒரு டிரம் எத்தனை மாதம் வரும், யாருக்கு எவ்வளவு பசி. அதுவும் தெரிந்தால்தானே வீடு நடக்கும். விளைய வைத்த கைதானே பரிமாற வேண்டும். அத்தைக்குத் தன் கையை விட்டுக்கொடுக்க மனசில்லை, கொஞ்சமாவது பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தாள்.

"தட்டு வரைக்கும்," என்றாள்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். சுவரோரம் நின்ற அப்பா தரையைப் பார்த்தார்.

ஹாரூன் எதையோ தட்டினான். "அவங்க வலது கைக்காரங்க. அதனால உங்க வலது கைக்குத்தான் வரும். இடது கை பழைய நீங்கதான்," என்று சொல்லிச் சிரித்தான். "அதுக்கு ஒண்ணும் தெரியாது."

வலிக்கவில்லை. முடிந்ததும் அத்தை எழுந்து உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் ஒன்று காணாமல் போயிருந்தது.

"பசிக்குது," என்றாள்.

அவள் அப்படிச் சொல்லி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் எப்சிபா மாடிக்குப் போனாள். புதிதாகப் போட்ட பெட்டிகளில் நாற்று விரல் உயரத்துக்கு வந்திருந்தது. குனிந்தாள். வலது கை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு விரலால் தண்டின் அடியைத் தொட்டது. தொட்டதுமே தெரிந்தது, எது நிற்கும், எது நிற்காது என்று. நிற்காததைப் பிடுங்கிப் பெட்டிக்கு வெளியே போட்டது. அடுத்த குழி. அடுத்த பெட்டி. வெயில் ஏறுவதற்குள் மாடி முழுவதும் முடிந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன்னுடைய கை இவ்வளவு அழகாக அசையும் என்று அவளுக்குத் தெரியாது.

தொட்டி நிழலில் பாட்டில்கள் இருந்தன. கை அவற்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தது. மண்ணை உதறிப் பெட்டியில் சேர்த்துக்கொண்டது.

"அக்கா, அனாதை இல்லத்தை மூடிட்டியா?" என்றாள் படியில் இருந்த பியூலா.

"எடத்தை அடைக்குது," என்றாள் எப்சிபா.

சொன்ன பிறகுதான் குரல் தன்னுடையதுபோல இல்லையே என்று தோன்றியது.

ஆடியில் போட்ட கம்பு ஆளுயரம் வளர்ந்தது. ஓரங்களில் தட்டாம்பயறு ஏறியது. கீழே கார் நிறுத்திய இடத்தில் பூசணி படர்ந்தது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஐப்பசியில் அறுத்துத் தட்டி டிரம்மில் கொட்டினாள். மூன்று குடும்பங்கள் அந்த வாரமே கொட்டகைக்கு லாரி ஏறின. சோதனைக்கு வந்த அதிகாரி இவர்கள் டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அன்று மாலை அப்பா ஜெபம் பண்ணினார். பிறகு அகப்பையை எடுத்து எப்சிபாவிடம் கொடுத்தார். "வெளைய வச்ச கைதான் பரிமாறணும்."

நாலு தட்டு. சூடான கம்பஞ்சோறு. அகப்பை சட்டிக்கும் தட்டுக்கும் போய்வந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

அத்தைதான் அதிகம் ரசித்துச் சாப்பிட்டாள். விரலை நக்கினாள். அவளுக்கு இப்போது விதையையும் கல்லையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. கம்பு எங்கிருந்து வருகிறது என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. கீழேயிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி மாடி ஏறினாள். செல்லதுரை என்ற பெயரை அப்பா ஒருநாள் ஏதோ பேச்சில் சொன்னபோது, "யாரு அது?" என்றாள்.

கார்த்திகையில் ரேஷன் நின்றது.

பியூலா முதலில் மொட்டைமாடிக்கு ஏறுவதை விட்டாள். பிறகு நாலாவது மாடி வரைதான் ஏறினாள். பிறகு வாசல் வரை. சட்டை தோளிலிருந்து நழுவியது. எப்சிபா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"நெஞ்சு முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு. அதுல புதுசா ஒண்ணும் இல்ல. ஒழுங்காச் சாப்பிடுதாளா?"

"ஒழுங்காச் சாப்பிடுதேன் டாக்டர்," என்றாள் பியூலா. "எங்கக்கா கையால."

திரும்பி வரும்போது பியூலா சாலையோரக் கட்டையில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லக்கா," என்றாள். "சைட் அடிக்கேன்." சாலையில் ஒரு ஆள் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று எப்சிபா பூசணிக் கூட்டும் முருங்கைக்கீரையும் வைத்தாள். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். எப்சிபா பரிமாறினாள். அத்தை ஒரு வாய் எடுத்து வைத்தவள் நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் கொஞ்சமா வைக்க?"

"எல்லாருக்கும் ஒண்ணு போலத்தானே அத்தை வச்சேன்."

"இல்லட்டி. பாரு."

எப்சிபா பார்த்தாள். நாலு தட்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பிறகு குனிந்து பார்த்தாள். மூன்று தட்டில் சோறு குவிந்திருந்தது. பியூலாவின் தட்டில் சோறு பரப்பியிருந்தது. அகப்பையின் முதுகால் விளிம்பு வரை மெல்லிசாக இழுத்துவிட்டிருந்தது. பார்க்க நிறைந்த தட்டுப்போல இருந்தது. பாதிகூட இல்லை.

அவளுடைய கையில் அகப்பை இருந்தது. அகப்பையின் முதுகில் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

"எனக்கு இது போதும்," என்றாள் பியூலா. அவள் யாரையும் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நாளாக என்று எப்சிபா கேட்கவில்லை.

அத்தை தன் தட்டைப் பியூலாவின் பக்கம் தள்ளினாள். "இந்தா மக்ளே, இதைத் தின்னு."

அப்பா தட்டைப் பிடித்துத் திருப்பி வைத்தார். "அக்கா, நீங்க தண்ணி தூக்கணும். சாப்பிடுங்க."

பிறகு அவர் தன் தட்டுக்குத் திரும்பினார். குனிந்து சாப்பிட்டார்.

எப்சிபா சட்டியில் அகப்பையை விட்டாள். நிறைய மொண்டாள். பியூலாவின் தட்டுக்கு மேலே கொண்டுபோனாள். மணிக்கட்டு தானாகச் சாய்ந்தது. பெரும்பாதி சட்டிக்குள்ளேயே விழுந்தது. மறுபடி மொண்டாள். மறுபடி சாய்ந்தது. கையெழுத்துப் போடும்போது கை எப்படி வளையுமோ அப்படி வளைந்தது.

சாயங்காலம் அப்பா மாடியில் இருந்தார். மாசி அறுப்புக்கான பயிர் முழங்கால் உயரத்தில் நின்றது. எப்சிபா பக்கத்தில் போய் நின்றாள்.

"செல்லதுரை சித்தப்பா காய்ச்சல்லதான் செத்தாங்களா?"

"காய்ச்சல் வந்துச்சு," என்றார் அப்பா. "கடைசியில."

"அத்தை அப்படிப் போட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"அப்போ எனக்கு ஒம்பது வயசு. என் தட்டு நெறைய இருந்துச்சு. எனக்கு அதுதான் தெரியும்."

கீழே அத்தை பாடுவது கேட்டது. வாளி படியில் இடிக்கும் சத்தம்.

"நான் தட்டு வரைக்கும்னு சொன்னப்போ நீங்க அங்கேதானப்பா நின்னீங்க."

அப்பா ஒரு கம்பந்தட்டையைப் பிடித்து அதன் கணுவைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ பாட்டில்ல நாத்து வச்சுக்கிட்டிருந்த," என்றார். "அப்படியே விட்டா நாலு பேரும் போயிருவோம்னு நெனச்சேன்."

"அவ நம்ம பியூலா, அப்பா."

"தெரியும்," என்றார். "வேணும்னா டிரம்மைத் தட்டிப் பாரு. உன் கை சொல்லும்."

அவள் போய்த் தட்டிப் பார்த்தாள். வலது கையின் முட்டியால் ஒரு தட்டு. டிரம் பதில் சொன்னது. மாசி வரைக்கும் மூன்று பேருக்குத்தான். அது கணக்குப்போல வரவில்லை. தாகம்போல வந்தது. சரி என்றும் தப்பு என்றும் அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மதியம் அவள் அகப்பையைப் பியூலாவிடம் கொடுத்தாள். "நீ போட்டுக்கோ." பியூலா இரண்டு கரண்டிக் கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சட்டியை மூடினாள்.

அப்போதுதான் எப்சிபாவுக்கு ஹாரூன் சொன்னது ஞாபகம் வந்தது.

இரவுக்கு அவள் அகப்பையை இடது கையில் எடுத்தாள். இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டுக்கு வெளியே கொட்டியது. குழம்பு அப்பாவின் வேட்டியில் பட்டது. பியூலாவின் தட்டில் சோறு மலைபோலக் குவிந்தது. பியூலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். வெகுநாளாக அவள் சாப்பிடுவதை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

"உன் இடது கை நல்ல கைக்கா," என்றாள் வாயில் சோற்றோடு. "கொஞ்சம் மக்கு. ஆனா நல்ல கை."

எப்சிபா சிரித்தாள். அன்றிலிருந்து இடது கையாலேயே போட்டாள். மார்கழி முடிந்தது. பியூலா வாசலிலிருந்து முதல் மாடிக்கு வந்தாள். இரண்டாவது மாடிக்கு வந்தாள். அங்கிருந்து மேலே பார்த்து, "அனாதை இல்லம் தெறந்தாச்சா?" என்று கத்தினாள்.

அப்பா தினமும் காலையில் டிரம்மைத் திறந்து பார்த்தார். மூடி வைத்தார்.

தையில் ஒரு நாள் அவளுடைய வலது கை, டிரம்மின் பக்கமாகப் போகும்போது, அவளைக் கேட்காமலே தட்டியது. மாசி வரைக்கும் நாலு பேருக்கு வராது என்று டிரம் சொன்னது. பயிர் இப்போதுதான் கதிர்ப் பூட்டை தள்ளியிருந்தது. அவள் பக்கத்து வீடுகளுக்குப் போய்க் கேட்டாள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இன்னொரு வீட்டில் திறந்தார்கள். உள்ளே தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு சின்னத் தட்டில் சோறு விளிம்பு வரை மெல்லிசாகப் பரப்பியிருந்தது. அவள் கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிவிட்டாள்.

அன்று சாப்பாட்டு நேரம். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சட்டியில் பாதிதான் இருந்தது. அப்பா ஜெபம் பண்ணினார். எப்சிபா இடது கையில் அகப்பையை எடுத்தாள்.

"பீச்சாங்கையால சோறு போடாதட்டி," என்றார் அப்பா.

குரலில் கோபம் இல்லை. வழக்கத்தைச் சொல்கிற குரல்.

"இவ்வளவு நாளும் போட்டேனேப்பா."

"பொறுத்தாச்சு. குடும்பத்துக்கு ஆகாது."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பியூலாவைப் பார்க்கவில்லை. தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அகப்பை காற்றில் நின்றது. ஆவி பறந்தது. எப்சிபா பியூலாவைப் பார்த்தாள். ஒரு கிண்டல் வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

பியூலா தன் தட்டை முன்னால் நகர்த்தி வைத்தாள். "அப்பா சொல்லுதாங்கல்லா," என்றாள். "மாத்திக்கோக்கா."

வலது கை மடியில் சும்மா கிடந்தது. அது அகப்பையைக் கேட்கவில்லை. எப்சிபாதான் கொடுத்தாள்.

அப்பாவுக்கு. அத்தைக்கு. தனக்கு. பிறகு பியூலாவின் தட்டு. மணிக்கட்டு சாய்ந்தது. அகப்பை திரும்பிக்கொண்டது. முதுகால் மெதுவாக, விளிம்பு வரை, வட்டமாக இழுத்துவிட்டது.

தங்கபுஷ்பம் அத்தை அந்தக் கையையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கைட்டி உனக்கு," என்றாள். "ஒரு பருக்கை சிந்தல. யாருகிட்டப் படிச்ச?"